எட்டு தொண்ணூத்தொன்பதும் ஒரு சிவப்பு பேனாவும்

"எவ்ளோ டிஸ்கவுண்ட் வாங்குன?"

யாராவது புது கார் வாங்கிட்டு வந்தா நாம கேக்குற முதல் கேள்வி இதுதான். நானும் இத்தனை வருஷமா இதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். போன டிசம்பர்ல (2025) அத்தானுக்கு கார் வாங்கப் போய் வந்தப்புறம்தான் இது எவ்வளவு அசட்டுத்தனமான கேள்வின்னு மண்டையில ஏறுச்சு. ரெண்டு மாசமா எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போட்டு, இன்னைக்கு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளம். கணக்கு வேற வரும். பொறுத்துக்குங்க மக்கா.

அத்தான் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். வாழ்க்கையில வாங்குன பெரிய வண்டி ஒரு ஸ்கூட்டர். அக்காவுக்கு மூட்டு வலி முத்திப்போய், திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு பஸ்ல ஏறி இறங்குறது முடியாம போச்சு. ஒவ்வொரு தடவையும் வாடகைக் காருக்குச் சொல்லி, அவன் வர்றானா வரலியான்னு காத்துக் கிடந்து... கடைசியில அத்தான் ரிட்டயர்மெண்ட் பணத்துல ஒரு பங்கை எடுத்து சின்னதா ஒரு கார் வாங்கிரலாம்னு முடிவு பண்ணிட்டார். லோன் கிடையாது. கடன்ங்கிற வார்த்தையே அவருக்கு ஆகாது.

"மாப்ள, நீ கூட வா. எனக்கு இந்தப் பேரம் பேசுறதெல்லாம் வராதுடே."

எனக்கு மட்டும் வருமாக்கும்! ஆனா சென்னையில வேலை பாக்குறவன், நாலு இடம் பாத்தவன்னு ஒரு நம்பிக்கை ஊர்ல. கெத்தா கிளம்பிப் போனேன்.

ஷோரூம் எதுன்னு சொல்ல மாட்டேன், கம்பெனியும் வேண்டாம். ஏன்னா இது ஒரு கடையோட கதை இல்ல. உள்ள நுழைஞ்சதும் ஏசி, காபி, சாக்லேட், சாவி கொத்து வச்சிருக்குற ஒரு பொண்ணோட கட் அவுட். இருபத்தி நாலு, இருபத்தஞ்சு வயசுல ஒரு தம்பி வந்தான். நல்ல பையன். பளிச்சுனு பேசுனான். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தோம். அத்தானுக்கு பிடிச்சுப் போச்சு. ஹேட்ச்பேக், பெட்ரோல், 1197 சிசி. எக்ஸ் ஷோரூம் 7,20,000.

"ஆன் ரோடு எவ்வளவு தம்பி?"

கால்குலேட்டர்ல டக் டக்னு தட்டி, "எட்டு தொண்ணூத்தொன்பது சார். அதுவும் பத்தாயிரம் டிஸ்கவுண்ட் போக. இயர் எண்ட் ஆஃபர் சார், 31ஆம் தேதிக்கு மேல கிடையாது. அட்வான்ஸ் மட்டும் பதினோராயிரம் போட்டுட்டா வண்டியை பிளாக் பண்ணிரலாம்."

அத்தான் சட்டைப் பைக்குள்ள கைய விட்டுட்டார். நான்தான் தடுத்தேன். அன்னைக்கு நான் செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அதுதான். அட்வான்ஸ் குடுத்த அந்த நொடியோட நம்ம பேச்சுக்கு மதிப்பு போயிரும். அதுக்கப்புறம் அவங்க சொல்றதைத்தான் கேக்கணும். "எல்லாத்தையும் தனித்தனியா எழுதிக் குடுங்க தம்பி, வீட்டுல காட்டிட்டு வர்றோம்"னு சொல்லி, ஒரு தாளை வாங்கிட்டு வந்துட்டோம். எழுதித் தர்றதுக்கே கொஞ்சம் இழுத்தான். "வாய்ல சொல்லிட்டேனே சார்"ங்கிறான். விடாம உக்காந்து வாங்கிட்டோம்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தத் தாளை அக்கா கையில குடுத்தோம். அதுல இருந்தது இதுதான். வண்டி விலை 7,20,000. சாலை வரி 93,600. இன்சூரன்ஸ் 46,500. ஆர்டிஓ மற்றும் பதிவுச் செலவு 9,000. ஹேண்ட்லிங் சார்ஜ் 7,500. எசென்ஷியல் கிட் 14,900. எக்ஸ்டெண்டட் வாரண்டி 16,800. ஃபாஸ்டாக் 600. கூட்டுனா 9,08,900. அதுல பத்தாயிரம் தள்ளுபடி போக 8,98,900.

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா வாசிச்சா. ஹேண்ட்லிங் சார்ஜ்ல நின்னுட்டா.

"ஏல தம்பி, இது என்னதுல? சேதாரமா?"

நானும் அத்தானும் சிரிச்சிட்டோம். ஆனா யோசிச்சுப் பாருங்க, இதைவிடத் தெளிவா யாரும் கேக்க முடியாது. தங்கம் வாங்கப் போனா நம்ம வீட்டுப் பொம்பளைங்க கிராம் விலையைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. அது அன்னைக்கு ஊருக்கே ஒரே விலை. அவங்க சண்டை போடுறது முழுக்க செய்கூலி, சேதாரத்துலதான். எந்தக் கடையில எத்தனை சதவீதம், எந்த டிசைனுக்கு எவ்வளவு, எல்லாம் விரல் நுனியில வச்சிருப்பாங்க. கார் வாங்கப் போற ஆம்பளைங்க நாம என்ன பண்றோம்? கிராம் விலையைக் குறைங்கன்னு கெஞ்சிக்கிட்டு, சேதாரத்தை கண்ணை மூடிட்டு கட்டிட்டு வர்றோம்.

இந்த இடத்துல ஒரு விஷயத்தைச் சொல்லிடுறேன். "கீரைக்காரம்மாகிட்ட ரெண்டு ரூபாய்க்கு பேரம் பேசுறோம், பெரிய கடையில வாயை மூடிட்டு குடுக்குறோம்"னு நூறு ஃபார்வர்ட் வந்திருக்கும் உங்களுக்கு. எனக்கு அதைப் படிச்சாலே எரிச்சல் வரும். ஏதோ நமக்கு ஏழையைக் கண்டா இளக்காரம், பணக்காரனைக் கண்டா பக்திங்கிற மாதிரி. விஷயம் அது இல்லைங்க. கீரைக்கட்டு எவ்வளவு பெருசு, எவ்வளவு வாடிருக்குன்னு நமக்குத் தெரியும். விலை நமக்குப் புரியுது, அதனால பேசுறோம். ஷோரூம் தாள் நமக்குப் புரியல. புரியலைன்னு சொல்ல வெக்கம். அந்த வெக்கத்துக்குத்தான் ஏசி, காபி, சாக்லேட் எல்லாம். அத்தான் மாதிரி முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவரே அந்த நாற்காலியில உக்காந்ததும் "சரி தம்பி"ன்னு பைக்குள்ள கைய விடுறாருன்னா பாத்துக்குங்க.

சரி, தாளுக்கு வருவோம்.

வண்டி விலையில பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. அது கம்பெனி வைக்கிற விலை. அதுல டீலருக்கு கிடைக்கிறது சில சதவீதம்தான். அவரு நடத்துற கடைக்கு அந்த சில சதவீதம் பத்தாது. அதனால மீதியை எங்கே எடுக்குறார்? இன்சூரன்ஸ்ல, லோன்ல, கிட்ல, அப்புறம் சர்வீஸ்ல. இது தெரிஞ்சா பாதி பேரம் முடிஞ்சுது.

சாலை வரியும் தொட முடியாது. அது கவர்மெண்ட். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல ஏத்துனாங்க. 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 10 லட்சம் வரைக்கும் 13, 20 லட்சம் வரைக்கும் 18, அதுக்கு மேல 20. இதுல அந்த 10 லட்சம்ங்கிற கோடு இருக்கே, அது ஒரு பெரிய பள்ளம். என்கூட வேலை பாக்குற ஒருத்தர் சன்ரூஃப் வேணும்னு ஆசைப்பட்டு 10,08,000 ரூபா வண்டி எடுத்தார். சன்ரூஃப் இல்லாததுக்கு 9,98,000. பத்தாயிரம்தானேன்னு நினைச்சார். 9,98,000-க்கு 13 சதவீதம்னா வரி 1,29,740. 10,08,000-க்கு 18 சதவீதம், 1,81,440. கோட்டுக்கு மேல இருக்குற எட்டாயிரத்துக்கு மட்டும் 18 இல்ல, மொத்த விலைக்கும் 18. ஆக வானத்தைப் பாக்க அவர் குடுத்தது 61,700 ரூபா. போதாக்குறைக்கு 10 லட்சத்தைத் தாண்டுனா 1 சதவீதம் டிசிஎஸ் வேற பிடிப்பாங்க. அது வருமான வரி தாக்கல் பண்ணும்போது கழிச்சுக்கலாம், போனது போனதில்ல. ஆனா வரி போனது போனதுதான். சேல்ஸ் பையன் இதை அவருகிட்ட சொல்லவே இல்ல. சென்னை வெயில்ல சன்ரூஃபை எத்தனை தடவை திறந்தார்னு நான் கேக்கல. நட்பு முக்கியம்.

(இன்னொரு நண்பர் "பாண்டிச்சேரி அட்ரஸ்ல எடுங்க, வரி கம்மி"ன்னு ஐடியா குடுத்தார். அத்தான்கிட்ட சொன்னேன். "அங்க நமக்கு யாருடே இருக்கா? பொய் அட்ரஸ் குடுத்தா வண்டி வாங்கணும்?"னு ஒரே பார்வை. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. சட்டப்படியும் ஒரு மாநிலத்து வண்டியை இன்னொரு மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா இங்க மறுபதிவு பண்ணி வரி கட்டணும். எதுக்கு வம்பு.)

இப்போ இன்சூரன்ஸ். இங்கதான் கறி கிடக்கு. 46,500 ரூபா.

இது ஒரே தொகை மாதிரி தெரியும். உள்ள ரெண்டு பங்கு. ஒண்ணு மூன்றாம் நபர் காப்பீடு. சுப்ரீம் கோர்ட் உத்தரவுல 2018 செப்டம்பர் 1-லேருந்து புது காருக்கு இதை மூணு வருஷத்துக்கு சேத்து எடுக்கணும். தொகையை அரசாங்கம்தான் நிர்ணயிக்குது. 2022 அறிவிப்புப்படி 1000-லேருந்து 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு 10,640. ஜிஎஸ்டி தனி. இதுல யாரும் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இன்னொண்ணு நம்ம வண்டிக்கான சொந்தச் சேத காப்பீடு. இது ஒரு வருஷத்துக்கு எடுத்தா போதும். இதுலதான் கம்பெனிக்கு கம்பெனி, கடைக்கு கடை மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். வண்டியை மதிப்பிடுற ஐடிவியை ஒரே மாதிரி வச்சு (புது வண்டிக்கு விலையில 5 சதவீதம் கழிச்ச தொகை), அதே பம்பர் டு பம்பரோட நான் வெளியில விசாரிச்சேன். 31,800. அதே இன்சூரன்ஸ் கம்பெனி! டீலர் தாள்ல இருக்குற அதே கம்பெனி!

"வெளிய எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்"னு சொல்லுவாங்க. கேஷ்லெஸ்ங்கிறது இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஏற்பாடு. அந்த ஒர்க்‌ஷாப் எந்தெந்தக் கம்பெனிகளோட ஏற்பாடு வச்சிருக்குன்னு கேட்டு, அதுல ஒண்ணை வெளியில எடுத்தா சோலி முடிஞ்சுது. எங்ககிட்டதான் எடுக்கணும்னு டீலர் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு ஐஆர்டிஏஐ 2017-ல போட்ட வழிகாட்டுதல்லயே இருக்கு. ஏற்கனவே கார் வச்சிருந்து, கிளெய்ம் இல்லாம இருந்தவங்க அந்த நோ கிளெய்ம் போனஸை (50 சதவீதம் வரைக்கும்) புது வண்டிக்கு மாத்திக்கலாம். இதையும் கேட்டாத்தான் சொல்லுவாங்க. அத்தானுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல, முதல் கார்.

ஆர்டிஓ செலவு 9,000. காருக்கு பதிவுக் கட்டணம் மத்திய விதிப்படி 600 ரூபா. லோன் போட்டா ஹைப்பாதிகேஷன் பதிய 1,500. நாங்க லோனே போடல. ஸ்மார்ட் கார்டு, தபால், இன்னும் சில்லறைச் செலவு எல்லாம் சேத்தாலும் ஒன்பதாயிரத்துக்கு பக்கத்துலகூட போகல. மீதி என்னன்னு கேட்டா "ஏஜெண்ட் சார்"ம்பாங்க.

ஹேண்ட்லிங் சார்ஜ், அதாவது அக்கா சொன்ன சேதாரம். மோட்டார் வாகன விதிகளை எல்லாம் புரட்டிப் பாருங்க, இப்படி ஒரு கட்டணமே கிடையாது. யார்டுலேருந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டு வந்து கழுவித் துடைச்சதுக்குன்னு சொல்றாங்க. ஹோட்டல்ல இட்லி விலை தனி, இட்லியை டேபிளுக்கு கொண்டு வந்தது தனின்னு பில் போட்டா விடுவோமா?

எசென்ஷியல் கிட். அஞ்சு மிதியடி, ஒரு கவர், ஒரு பர்ஃபியூம் பாட்டில், சாவிக்கொத்து, மட் ஃப்ளாப். 14,900 ரூபா. எனக்கு இந்தப் பேருதான் கோவம். இது இல்லாட்டா வண்டி ஓடாதுங்கிற மாதிரி எசென்ஷியலாம்.

நடுவுல ஜிஎஸ்டி கதை வேற. 2025 செப்டம்பர் 22-லேருந்து 4 மீட்டருக்குள்ள, 1200 சிசிக்குள்ள இருக்குற பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் மேல 1 சதவீதம் செஸ்ஸும் போய் 18 சதவீதம் ஆச்சு. நல்ல விஷயம், எட்டு எட்டரை சதவீதம் விலை இறங்குச்சு. ஆனா அதுக்கப்புறம் எந்தக் கடைக்குப் போனாலும் "ஏற்கனவே ஜிஎஸ்டில அறுபதாயிரம் குறைஞ்சிருச்சே சார், இன்னும் என்ன குறைக்கிறது?"ன்னு ஒரு வசனம். அது அரசாங்கம் குறைச்சதுய்யா. நீங்க குறைச்சதைப் பத்தி இல்ல பேசிக்கிட்டு இருக்கோம்?

அடுத்த நாலு நாள் போன்லயே தூத்துக்குடி, நாகர்கோவில் ஷோரூம்ல விசாரிச்சோம். எங்க வாங்குனாலும் நம்ம ஊர் ஆர்டிஓலயே பதிஞ்சுக்கலாம். ஒரே ஊர்ல ரெண்டு கடை இருந்தா ரெண்டும் ஒரே முதலாளியா இருக்க வாய்ப்பு உண்டு, அதனால ஊர் தாண்டி விசாரிக்கிறது நல்லது. நாகர்கோவில்ல ஹேண்ட்லிங் சார்ஜ்னு தாள்லயே இல்ல. வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லி வாங்கி வச்சுக்கிட்டோம்.

28ஆம் தேதி திரும்பவும் திருநெல்வேலி ஷோரூம். நான் ஃபுல் ஃபார்ம்ல இருந்தேன். தம்பி வந்து உக்காந்ததும் ஆரம்பிச்சேன் பாருங்க. "என்ன தம்பி, இது கொள்ளை இல்லையா? எந்தச் சட்டத்துல இருக்கு ஹேண்ட்லிங் சார்ஜ்? எங்களைப் பாத்தா பட்டிக்காடு மாதிரி தெரியுதா?" பக்கத்து டேபிள்ல ரெண்டு பேர் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு அது இன்னும் ஏத்துச்சு. குரல் கூடிப் போச்சு. அந்தப் பையன் முகம் சுருங்கிருச்சு. "நான் இல்ல சார், மேனேஜர் சொல்றதைத்தான்..."ன்னு இழுத்தான். கண்ணாடி ரூமுக்குள்ள மேனேஜர் தலையைத் தூக்கிப் பாத்துட்டு திரும்ப போனைக் குனிஞ்சு பாத்துக்கிட்டார்.

அத்தான் என் தொடையில மெதுவா தட்டுனார்.

"மாப்ள, நீ வெளிய போயி ஒரு டீ குடிச்சிட்டு வா."

"இல்லத்தான், இவங்க..."

"போயிட்டு வாடே."

வாத்தியார் குரல். போனேன்.

டீக்கடையில நின்னு ஆத்திரத்தோட ரெண்டு டீ குடிச்சேன். அரை மணி நேரம் கழிச்சு உள்ள போனா, அத்தான் அந்தத் தாளை டேபிள்ல விரிச்சு வச்சு, பைலேருந்து சிவப்பு பேனாவை எடுத்து (ரிட்டயர் ஆனாலும் பைல நீலம் ஒண்ணு, சிவப்பு ஒண்ணு இருக்கும்) ஒவ்வொரு வரியா திருத்திக்கிட்டு இருக்கார். விலைக்கு ஒரு டிக். வரிக்கு ஒரு டிக். இன்சூரன்ஸுக்கு நேரா 31,800-ன்னு எழுதி ஒரு கேள்விக்குறி. ஆர்டிஓவுக்கு கேள்விக்குறி. ஹேண்ட்லிங்குக்கு பெருக்கல் குறி. கிட்டுக்கு பெருக்கல் குறி. அந்தப் பையன் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு, பரீட்சைப் பேப்பர் வாங்குற பிள்ளை மாதிரி உக்காந்திருக்கான்.

"தம்பி, இதுக்கு கவர்மெண்ட் ரசீது உண்டா?"

"இதுக்கு இல்ல சார்."

"அப்ப இது எதுக்கு?"

"..."

"ஒன்னைய கேக்கலப்பா. இதுக்கு பதில் சொல்லுதவரு யாரோ, அவரைக் கூப்பிடு. ஒண்ணும் அவசரமில்ல, நான் இருக்கேன்."

அவ்வளவுதான். குரல் உயரவே இல்ல. மேனேஜர் வந்தார். முதல்ல சிரிச்சுப் பேசுனார். அத்தான் சிரிக்கல, கோவப்படவும் இல்ல. ரசீது உண்டா, இல்லையா. இந்த ஒரே கேள்வி. நடுவுல "லோன் போட்டீங்கன்னா இன்னும் பத்தாயிரம் குறைப்பேன் சார், ரெண்டு மாசத்துல அடைச்சிருங்க"ன்னு மேனேஜர் ஒரு தூண்டில் போட்டார். கார் லோன் பெரும்பாலும் ஃபிக்ஸட் வட்டி. முன்னாடியே அடைச்சா அதுக்கு ஒரு அபராதம், எடுக்கும்போது பிராசஸிங் ஃபீஸ், ஹைப்பாதிகேஷன் போட ஒரு காசு, அதை எடுக்க ஒரு அலைச்சல். பத்தாயிரம் வந்த வழியே போயிரும். அத்தான் தாளோட ஓரத்துல அதையும் கணக்கு போட்டுக் காட்டிட்டு "வேண்டாம்"னார்.

"வண்டி எந்த மாசம் செஞ்சது?"ன்னு நான் உள்ள போன உடனே கேட்டேன் (டீ குடிக்கும்போது ஞாபகம் வந்துச்சு). பையன் மேனேஜரைப் பாத்தான். ஜூன். ஆறு மாசமா யார்டுல வெயில் காயுது. டிசம்பர் கடைசியில போன ஜூன் வண்டி. நாளைக்கு விக்கப் போனா ஆர்சில அந்த மாசமும் வருஷமும் நிக்கும். அதுக்காக டிஸ்கவுண்ட் 10,000-லேருந்து 25,000 ஆச்சு.

கடைசிக் கணக்கு: இன்சூரன்ஸ் 33,000 (வெளியில எடுக்குறோம்னதும் அவங்களே இறங்கி வந்தாங்க. ஆயிரத்து இருநூறு கூடன்னாலும் ஒரே இடத்துல முடியட்டும்னு விட்டுட்டோம்). ஆர்டிஓ 3,000, ரசீது தரணும்ங்கிற நிபந்தனையோட. ஹேண்ட்லிங் போச்சு, கிட் போச்சு. எக்ஸ்டெண்டட் வாரண்டியை நான் வேண்டாம்னேன். நிறைய கம்பெனில முதல் வாரண்டி முடியறதுக்குள்ள பின்னாடிகூட எடுத்துக்கலாம். அத்தான் "எனக்கு மனசு நிம்மதி வேணும்டே"ன்னு வச்சுக்கிட்டார். அவர் காசு. மொத்தம் 8,42,000.

8,98,900-க்கும் இதுக்கும் 56,900 வித்தியாசம். இதுல டிஸ்கவுண்ட்னு நாம சொல்ற அயிட்டம்ல கூடுனது வெறும் 15,000. மீதி 41,900-ம் சேதாரத்துல குறைஞ்சது. இதுக்குத்தான் முதல்லயே சொன்னேன், எவ்ளோ டிஸ்கவுண்ட் வாங்குனன்னு கேக்காதீங்கன்னு. நாப்பதாயிரம் டிஸ்கவுண்ட்னு சொல்லி வாங்கிட்டு, கிட், கோட்டிங், இன்சூரன்ஸ்னு அறுபதாயிரம் திருப்பிக் குடுத்துட்டு ஸ்டேட்டஸ் போடுறவங்களை எனக்குத் தெரியும். (உண்மையைச் சொல்லணும்னா நாங்களும் வெளியில மிதியடி, மட் ஃப்ளாப்னு 3,200 செலவு பண்ணோம். அதையும் கழிச்சுக்குங்க.)

கிளம்பும்போது அந்தப் பையன் வாசல் வரைக்கும் வந்தான். நான் கொஞ்சம் கூச்சத்தோட "சத்தம் போட்டுட்டேன் தம்பி, மனசுல வச்சுக்காத"ன்னேன். சிரிச்சான். சம்பளம் கம்மிதான், கிட்டும் இன்சூரன்ஸும் தலையில கட்டுனாத்தான் இன்சென்டிவ், இந்த மாசம் கிட்ல இன்னும் நாலு பாக்கின்னான். நாங்க ரெண்டையும் வெட்டி விட்டுட்டு நிக்கிறோம். என்ன சொல்றதுன்னு தெரியல.

இதுல எனக்கு இப்பவும் ஒரு உறுத்தல் உண்டு. பேரத்துல நான் ஜெயிச்சது மாதிரி இருக்கு, ஆனா அதுல ஒரு பங்கு அவன் பாக்கெட்லேருந்தும் போயிருக்கு. அதுக்காக பதினஞ்சாயிரத்துக்கு பர்ஃபியூம் பாட்டில் வாங்க முடியாது. அவனுக்கு ஒழுங்கா சம்பளம் குடுக்க வேண்டியது முதலாளி. அந்தக் கடமையை வாங்க வர்றவன் தலையில சுமத்தி, அதுக்கு எசென்ஷியல்னு பேரும் வச்சிருக்காங்க. என் கருத்து என்னன்னா, டீலர் லாபம் பாக்கணும், பாக்கட்டும். ஏசி ஓடணும், சம்பளம் குடுக்கணும். அதை விலையில வெளிப்படையா போட்டு, இதுதான் எங்க லாபம்னு சொல்லட்டும். நான் குடுப்பேன். ஆர்டிஓன்னு எழுதி அரசாங்கத்தோட சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்காதீங்க. அத்தானை மாதிரி ஆளுங்க அரசாங்கம்னு எழுதியிருந்தா மறு கேள்வி கேக்காம கட்டுறவங்க. அந்த மரியாதையைத்தான் காசாக்குறாங்க. எனக்கு 7,500 ரூபாயைவிட அதுதான் வயித்தெரிச்சல்.

அதே மாதிரி நாமளும் எதிர்ல உக்காந்திருக்குற பையன்கிட்ட வீரத்தைக் காட்டுறதை விடணும். முடிவு பண்றவர் கண்ணாடி ரூமுக்குள்ள இருக்கார். அவரை டேபிளுக்கு வர வைக்கணும். அதுக்கு சத்தம் தேவையில்லைன்னு அன்னைக்குப் பாத்தேன். என்னால அந்த மாதிரி முடியுமான்னு கேட்டா... சந்தேகம்தான். எனக்கு அரை மணி நேரம் சும்மா உக்காந்திருக்க வராது.

டெலிவரி ஜனவரி முதல் வாரம். சேல் சர்ட்டிபிகேட்ல (படிவம் 21) தயாரிப்பு மாசம், வருஷம், சேஸிஸ் நம்பர் எல்லாம் சரியான்னு வண்டியோட ஒத்துப் பாத்துட்டுத்தான் அத்தான் கையெழுத்து போட்டார். அக்காவுக்கு முன் சீட். எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயிலுக்குப் போய்ட்டு, நேரா ஆஸ்பத்திரி. டாக்டரைப் பாத்துட்டு வெளிய வந்து "பஸ்ஸுக்கு நிக்காண்டாம் இனி"ன்னு அக்கா சொன்னப்போ அத்தான் அந்தப் பக்கம் திரும்பி கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இருந்தார்.

அந்த 3,000-ல ஆயிரத்து சொச்சத்துக்கு மட்டும் இன்னும் ரசீது வரல. அத்தான் ஒவ்வொரு திங்கக்கிழமையும் காலைல பத்து மணிக்கு மேனேஜருக்கு போன் போடுறார். "அனுப்பிடுறோம் சார்"ங்கிறாராம். "சரி தம்பி, அடுத்த திங்கக்கிழமை கூப்பிடுதேன்"னு சொல்லிட்டு வச்சிடுறார்.

டிஸ்கி: என்ன வண்டி, எந்த ஷோரூம்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். உங்க தாள்ல சேதாரம் எவ்வளவு இருந்துச்சுன்னு வேணா எழுதுங்க.